தெரிந்த கோட் இன்டர்வியூவில் மறந்துபோகிறதா? பயிற்சியை இப்படி மாற்றிப் பாருங்கள்

வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடிக்கிற கோடிங் கணக்கு, எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கால் மணி நேரம் ஆனாலும் வராது. லூப் எழுதக் கை ஓடாது, அரேயின் நீளத்தை எடுக்கிற ஃபங்ஷன் பெயர்கூட மறந்துபோகும். ‘ஹலோ, லைன்ல இருக்கீங்களா?’ என்று அந்தப் பக்கம் கேட்கும்போதுதான், இவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது விடை முழுசாக வந்து நிற்கும். இப்படி நடந்தவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவைத்தான் எடுக்கிறார்கள்: எனக்கு இன்னும் போதவில்லை, லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் இன்னும் நூறு கணக்கு போட வேண்டும். நான் சென்னையில் பல வருடமாக இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த முடிவு பலருக்கும் பொருந்தாது. கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவர் பார்க்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டே யோசிக்கிற பழக்கம்தான் இருக்காது. அது தனி வித்தை, அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2020-ல் அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 48 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான இன்டர்வியூ போலவே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். மற்றவர்களுக்கும் பலகைதான், ஆனால் தனி அறை, பார்ப்பதற்கு ஆள் கிடையாது. ஒருவர் பார்க்கிறார் என்பதாலேயே முதல் பகுதியினரின் செயல்பாடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம்: ஆள் பார்க்க எழுதிய பெண்களில் ஒருவர்கூட விடையை எட்டவில்லை, தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் எட்டினார்கள். சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கெல்லாம் போக முடியாது. ஆனால் இன்டர்வியூவில் திணறிவிட்டு ‘நான் மட்டும்தான் இப்படி’ என்று நொந்துகொண்டிருப்பவர்கள் இந்த ஒரு தகவலையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் ரொம்பச் சிக்கலானது அல்ல. கோட் எழுதும்போது மனதில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைப் பிடித்து வைத்திருக்கிறோம். லூப் எங்கே நிற்கிறது, இந்த வேரியபிளில் இப்போது என்ன மதிப்பு, அடுத்து எந்த கண்டிஷன், இப்படி. அதற்கு மேல் பெரும்பாலானவர்களால் பிடித்துவைக்க முடியாது. அந்த நாலைந்தில் இரண்டு இடத்தை ‘இவர் என்ன நினைக்கிறார்’, ‘இந்த வேலையும் போச்சா’ என்ற கவலைகள் பிடித்துக்கொண்டால், மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு நெஸ்டட் லூப்கூட நிற்காது. ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. பார்க்கப்படுவதை மூளைக்குப் பழக்கப்படுத்திக் கவலை பிடிக்கிற இடத்தைக் குறைப்பது ஒன்று. மனதில் வைத்திருக்கிறதைப் பேப்பருக்கும் ஸ்க்ரீனுக்கும் இறக்கிவைப்பது இன்னொன்று. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நம் கல்லூரிகளில் வைவா நடக்கும் விதம் உங்களுக்கே தெரியும். எக்ஸ்டெர்னல் உட்கார்ந்திருப்பார், நாம் நிற்போம், கேள்வி வந்தால் பதில் வர வேண்டும், திருப்பி ஒன்று கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஆகிவிடும். நாலு வருடம் அப்படிப் பழகியவர்கள் டெக்னிக்கல் ரவுண்டையும் வைவாவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வி பாதி புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பிக்கிறார்கள், சந்தேகம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள் பல நேரம் கேள்வியை வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் வைக்கிறார்கள். நீங்கள் கேட்டுத் தெளிந்துகொள்கிறீர்களா என்று பார்ப்பதும் அந்த ரவுண்டின் ஒரு பகுதி. நாளைக்கு டீமில் சேர்ந்தால் அரைகுறையாக வருகிற ரெக்வயர்மென்ட்டை நீங்கள் இப்படித்தான் கேட்டுத் தெளிய வேண்டும். கேளுங்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாய்விட்டுப் பழகுவது எப்படி

மௌனமாக 400 கணக்கு போட்டுவிட்டு நேராக இன்டர்வியூவுக்குப் போவது, மனதுக்குள்ளேயே பாடிப் பழகிவிட்டுக் கச்சேரி மேடை ஏறுவது மாதிரி. ஸ்வரம் தெரிந்திருக்கலாம், தொண்டை பழகியிருக்காது.

முதல் வாரம் தனியாக ஆரம்பியுங்கள். நீங்கள் ஏற்கெனவே போட்டு முடித்த, ஈஸி என்று குறிக்கப்பட்ட கணக்காக எடுங்கள். புதுக் கணக்கு வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது பழகுவது பேசுவதை, அதோடு சேர்த்து மூளைக்கு வேறு வேலையும் கொடுத்தால் இரண்டுமே உருப்படாது. ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, கேள்வியைச் சத்தமாகப் படிப்பதிலிருந்து கடைசி டெஸ்ட் கேஸ் வரை பேசிக்கொண்டே எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து எப்படி வருகிறதோ அப்படியே பேசலாம். முடித்ததும் கேட்டுப் பாருங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. எங்கே அரை நிமிடத்துக்கு மேல் சத்தமே இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மௌனங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களில் வரும். சிலருக்குக் கணக்கு படித்து முடித்த உடனே, சிலருக்கு ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுவது) எழுதும்போது, நிறைய பேருக்கு ஒரு தப்பு கண்ணில் பட்ட நொடியில். உங்கள் இடம் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு கோடிங் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தங்கை, ரூம்மேட், அப்பா, யாராக இருந்தாலும் சரி. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அரை மணி நேரம் உங்களையும் ஸ்க்ரீனையும் பார்ப்பது. இடையிடையே ‘ஏன் அப்படிப் பண்ணுற?’ என்று ஒரு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. ஆரம்பத்தில் வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தோடேயே எழுதிப் பழகத்தான் இந்த ஏற்பாடு. அது பழகிய பிறகு கோடிங் தெரிந்த நண்பர், அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர். கடைசிப் படியைப் பலர் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் தெரியாதவரிடம் கேட்கக் கூச்சம். காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ‘நானும் இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன், மாற்றி மாற்றி மாக் (ஒத்திகை) இன்டர்வியூ எடுத்துக்கொள்ளலாமா’ என்று ஒரு வரி போட்டால், யாராவது ஒருவரின் நண்பரின் நண்பர் கண்டிப்பாகக் கிடைப்பார். பணம் கட்டி மாக் இன்டர்வியூ எடுக்கிற தளங்களும் இருக்கின்றன. வசதி இருந்தால் ஒன்றிரண்டு எடுங்கள், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

நீங்களும் ஒரு முறையாவது இன்டர்வியூ எடுப்பவராக உட்கார்ந்து பாருங்கள். எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் யோசித்தால் நமக்கு அது ஒன்றும் நீளமாகத் தெரியாது. எழுதுகிறவருக்கு அதே ஒரு நிமிடம் யுகமாக இருக்கும். அந்த வித்தியாசம் சொல்லிப் புரிகிற விஷயம் இல்லை, உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

இன்னொன்று, எடிட்டர். கோட் எழுதுகிற மென்பொருளான ஐடிஇ தானாக நிரப்பிக் கொடுப்பதிலும், இரண்டு மூன்று வருடமாக கோபைலட் மாதிரியான ஏஐ கருவிகளிலும் கை ஊறிப்போனவர்கள் வெறும் கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் பதறுவது இயல்பு. ஹேஷ்மேப்பில் (ஒவ்வொரு கீக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கிற அமைப்பு) ஒரு கீ இருக்கிறதா என்று பார்க்கிற மெத்தட் பெயர்கூடக் கையில் நிற்காது. இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பயிற்சி நேரத்தில் அவற்றை அணைத்துவிடுங்கள். நேரில் கூப்பிட்டு நடத்தும் ரவுண்டுகளும் திரும்பி வருகின்றன. கூகுளில் குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் நடத்துவோம் என்று சுந்தர் பிச்சையே 2025-ல் சொன்னார். ஆகவே பேப்பரிலும் சின்ன வெள்ளைப் பலகையிலும் எழுதிப் பார்ப்பது வீண் போகாது. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப், சார்ட், இந்த நாலுக்கும் உங்கள் மொழியில் அடிக்கடி வருகிற மெத்தட்களை ஒரு பக்கத்தில் எழுதி, தினமும் ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். போதும்.

முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாறாத வரிசை

படபடப்பு உச்சத்தில் இருப்பது முதல் ஐந்து நிமிடத்தில். அந்த நேரத்தில் ‘இப்போது என்ன செய்வது’ என்று யோசிக்கிற நிலையே வரக் கூடாது. எந்தக் கணக்கு வந்தாலும் ஒரே வரிசையில் செய்ய ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்வது இது: கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்வது, ஒரு சின்ன உதாரணத்தை ஸ்க்ரீனில் எழுதுவது, இரண்டு மூன்று சந்தேகம் கேட்பது, மனதில் முதலில் தோன்றும் மட்டமான வழியைச் சொல்வது, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைச் சொல்வது, அதன் பிறகுதான் நல்ல வழியைத் தேடுவது.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ‘ஒரு அரேயில் திரும்ப வராத முதல் எண்ணைக் கண்டுபிடி.’ நீங்கள் பேச வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும். ‘4, 5, 4, 7, 5 என்று கொடுத்தால் 4-உம் 5-உம் இரண்டு முறை வருகின்றன, அதனால் விடை 7, சரிதானே? எல்லா எண்ணும் திரும்ப வந்தால் என்ன கொடுக்க வேண்டும்? அரே காலியாக இருக்கலாமா? எவ்வளவு பெரிதாக இருக்கும்?’ அவர் ‘1 லட்சம் வரை இருக்கலாம், எதுவும் இல்லை என்றால் மைனஸ் 1 கொடுங்கள்’ என்கிறார். ‘அப்படியென்றால் அரேயில் மைனஸ் எண்கள் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?’ என்று இங்கே நீங்கள் கேட்டால் அவர் தன் குறிப்பில் ஒரு நல்ல வரி எழுதிக்கொள்வார். அடுத்து, ‘நேர் வழி என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் அரே முழுவதையும் ஒரு முறை தேடலாம். 1 லட்சம் எண் என்றால் அது 1000 கோடி ஒப்பீடு வரை போகும், வேலைக்கு ஆகாது. ஒரு முறை அரே முழுவதும் போய் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று ஹேஷ்மேப்பில் எண்ணி வைத்துக்கொள்கிறேன், இரண்டாவது முறை அதே வரிசையில் போகும்போது எண்ணிக்கை 1 என்று முதலில் வருவதைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு சுற்று, கொஞ்சம் கூடுதல் நினைவகம். இதை எழுதட்டுமா?’

இதில் பெரிய புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, கவனித்திருப்பீர்கள். ஆனால் ஐந்து நிமிடம் முடிவதற்குள் உதாரணம் ஸ்க்ரீனில் இருக்கிறது, எல்லைகள் எழுதப்பட்டிருக்கின்றன, மட்டமானதாக இருந்தாலும் ஒரு விடை கையில் இருக்கிறது. இனி மூளை பிளாங்க் ஆனாலும் விழுந்து எழுந்திருக்க ஓர் இடம் உண்டு. ‘எழுதட்டுமா’ என்று கேட்டுவிட்டு எழுதுவதில் இன்னொரு லாபம்: வழி தப்பென்றால் அவர் அங்கேயே தடுத்துவிடுவார், நீங்கள் இருபது நிமிடம் தவறான பாதையில் ஓட வேண்டியிருக்காது.

எண்களை வைத்து வழியை ஊகிப்பதும் பதற்றத்துக்கு நல்ல மருந்து. சாதாரண கணினி ஒரு நொடியில் சுமார் 10 கோடி எளிய வேலைகளைச் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு 1 லட்சம் என்றால் லூப்புக்குள் லூப் ஆகாது, ஆனால் சார்ட் செய்யலாம், அது 17 லட்சம் வேலைக்குள் முடியும். உள்ளீடு 20-தான் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்றாலும் 10 லட்சத்துச் சொச்சம்தான், தைரியமாக ரிகர்ஷன் எழுதலாம். ஒன்றுமே தோன்றாத நேரத்தில்கூட இந்தக் கணக்கைப் போட முடியும், அதைச் சத்தமாகப் போட்டால் நீங்கள் யோசிக்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

ஆங்கிலம் என்ற கூடுதல் பாரம்

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் பலர் என்னிடம் சொல்வது, ‘கணக்கு புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை.’ இது உண்மையான கஷ்டம். யோசிப்பது, எழுதுவது, அதோடு கூடவே மொழிபெயர்ப்பது என்று மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸில் போய் இலக்கணம் படிக்கத் தேவையில்லை. இன்டர்வியூவில் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியங்கள் பதினைந்தோ இருபதோதான், அவற்றை வாய் தானாகச் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டால் போதும். ‘லெட் மீ ரிப்பீட் த கொஸ்டின்.’ ‘கேன் ஐ அஸ்யூம் தி இன்புட் இஸ் சார்ட்டட்?’ ‘ஐ வில் ஸ்டார்ட் வித் ப்ரூட் ஃபோர்ஸ்.’ ‘கிவ் மீ டூ மினிட்ஸ் டு திங்க்.’ ‘ஐ ஸீ எ பக் ஹியர், லெட் மீ ஃபிக்ஸ் இட்.’ சின்னச் சின்ன வாக்கியம், நிகழ்காலம், அவ்வளவுதான். டெக்னிக்கல் ரவுண்டில் யாரும் உங்கள் ஆங்கிலத்துக்கு மார்க் போடுவதில்லை, புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எதிரில் இருப்பவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தால், ‘கொஞ்சம் தமிழில் விளக்கலாமா?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சென்னை, கோவை கம்பெனிகளில் பலர் சரி என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன், நானும் சொல்வேன். வாக்கியம் சிக்கிக்கொண்டால் பேசுவதை விட்டுவிட்டு ஸ்க்ரீனில் உதாரணத்தை எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், அதுவும் விளக்கம்தான்.

பிளாங்க் ஆகிவிட்டால்

எவ்வளவு பழகினாலும் ஒரு நாள் நடக்கும். நடந்தால் முதலில் அதை மறைக்காதீர்கள். மறைக்கப் போராடுவதுதான் மிச்ச இடத்தையும் தின்றுவிடுகிறது. ‘கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது, ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னதற்காக யாரையும் நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. அப்புறம் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, மூச்சை மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாயால் மெதுவாக நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று முறை. ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து நிமிடம் ஒரு மாதத்துக்கு இந்த மாதிரி மூச்சு விட்டவர்களுக்கு மனநிலை தியானம் செய்தவர்களைவிட நன்றாகத் தேறியது. முன்கூட்டியே பழகிவைத்தால் அந்த நேரத்தில் உடம்பு சொன்னபடி கேட்கும்.

மேலே சொன்ன 2020 ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான பாடமும் இங்கேதான் வருகிறது. தனியாக யோசிக்க இடம் கிடைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், ஆகவே அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘3 நிமிடம் பேசாமல் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு விளக்குகிறேன், சரியா?’ என்றால் ஏறக்குறைய எல்லோரும் சரி என்பார்கள். சொல்லாமல் மௌனமாவதற்கும் சொல்லிவிட்டு மௌனமாவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த மூன்று நிமிடத்தில் உதாரணத்தைக் கையால் போடுங்கள், கோட் பற்றி நினைக்கவே வேண்டாம். மனிதனாக நீங்கள் அந்தச் சின்ன அரேயில் விடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கவனியுங்கள், அல்காரிதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதுவும் ஆகவில்லையென்றால் சார்ட் செய்தால் எளிதாகுமா, ஹேஷ்மேப் உதவுமா, இரண்டு முனையிலிருந்தும் வரலாமா, ஸ்டாக் வேண்டுமா, சின்னக் கணக்காக உடையுமா என்று ஒரு நிலையான பட்டியலை மனதில் ஓட்டுங்கள். அதற்கும் மேலே, குறிப்பு கேளுங்கள். வெறுமனே ‘ஹிண்ட் ப்ளீஸ்’ என்று கேட்பதைவிட ‘சார்ட் செய்து பார்த்தேன், வரிசை கெட்டுவிடுகிறது, அந்த இடத்தில் நிற்கிறேன்’ என்று சொன்னால் குறிப்பு தானாகவே வரும்.

தப்பு வந்தால் இடிந்துபோகாதீர்கள். ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சில் (வரிசைப்படுத்திய அரேயைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுகிற முறை) ஒரு பிழை சுமார் 9 வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது: நடுவிடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இன்டெக்ஸையும் கூட்டும்போது, அரே மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை இன்டிஜரின் எல்லையைத் தாண்டிவிடும். 2006-ல் அதைப் பற்றி விளக்கி எழுதியவர் அந்த கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்தான். அவருக்கே அப்படி என்றால், முக்கால் மணி நேரத்தில் எழுதுகிற நமக்கு ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். எழுதி முடித்ததும் ‘முடிந்தது’ என்று சொல்லாமல், உதாரணத்தை எடுத்து வரி வரியாக ஓட்டிக் காட்டி, உங்கள் பிழையை நீங்களே பிடித்தால் அது பலம்தான்.

எதிரில் இருப்பவர் ஏன் அப்படி இருக்கிறார்

பதற்றத்தில் பாதி, அவர் முகத்தைப் படிக்க முயல்வதால் வருகிறது. கடகடவென்று டைப் செய்யும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார். பிறகு அவர் ஃபீட்பேக் எழுதியாக வேண்டும், நல்லதையும் அதே வேகத்தில்தான் டைப் செய்வார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை என்றால், எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று பழகியிருப்பார். இன்னொருவர் கேமராவை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், பல நேரம் அவர் இன்டர்வியூ எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்ற கேள்வி சரியான விடைக்கும் வரும், உடனே மாற்றிவிடாதீர்கள். ‘சரிபார்க்கிறேன்’ என்று சொல்லி உதாரணத்தில் ஓட்டிப் பாருங்கள். உண்மையிலேயே சிடுசிடுக்கிற, மட்டம் தட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அந்த டீமைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த தகவல். அவ்வளவுதான், உங்கள் திறமைக்கான தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜோஹோ மாதிரி நிறுவனங்களில் கால் டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் முன்பதிவு என்று ஒரு முழு அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் எழுதச் சொல்கிற ரவுண்டு உண்டு. அங்கே பதற்றம் வேறு வடிவத்தில் வரும், நேரம் போகப் போக ஏறும். அதற்கு ஒரே வழி, முதல் அரை மணிக்குள் ஏதாவது ஒன்று ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது. மெனு வந்து ஒரு டிக்கெட் பதிவானால் போதும், அதன் பிறகு ஒவ்வொரு வசதியையும் சேர்த்துச் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம். கடைசி நிமிடத்தில் முதல் முறையாக ரன் கொடுக்கிற நிலைக்குப் போகாதீர்கள்.

முந்தின நாளும் அன்றைக்கும்

முந்தின நாள் இரவு புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். தெரிந்த இரண்டு கணக்கைச் சத்தமாகப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆன்லைன் என்றால் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை சோதித்து வையுங்கள். கரண்ட் போனால் ரௌட்டரும் போகிற வீடு என்றால் ரெக்ரூட்டரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் நேரத்தைச் சொல்லி, குக்கர் விசிலும் டிவியும் அந்த ஒரு மணி நேரம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காபி தினமும் குடிப்பவர்கள் வழக்கமான அளவைக் குடியுங்கள். நிறுத்தினால் தலைவலி வரும், இரண்டு டம்ளர் கூடுதலாகப் போனால் ஏற்கெனவே அடிக்கிற நெஞ்சு இன்னும் அடிக்கும்.

இன்டர்வியூவுக்குக் கொஞ்சம் முன்னால் பத்து நிமிடம் ஒரு பேப்பரை எடுத்து, பயமாக இருப்பதையெல்லாம் தமிழிலேயே எழுதித் தள்ளுங்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும், வீட்டில் என்ன சொல்வார்கள், எதையும் விடாமல். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்கு முன் இப்படிப் பத்து நிமிடம் எழுதிய பதற்றக்கார மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. மனதில் சுற்றுவதைப் பேப்பரில் இறக்கிவிட்டால் அந்த இடம் கணக்குக்குக் கிடைக்கிறது. ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போடுவதைவிட ‘ஆர்வமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு மூன்றிலும் இதைக் காட்டினார். நெஞ்சு படபடப்பது பயத்திலும் ஆர்வத்திலும் ஒன்றுதான், அதை அடக்குவதைவிடத் திருப்பிவிடுவது சுலபம்.

படபடப்புக்கு ப்ரோப்ரானலால் மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்காமல் நண்பர் கொடுத்தார் என்று போட வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இன்டர்வியூவை நினைத்தாலே பல நாள் தூக்கம் வரவில்லை, வாந்தி வருகிறது, விண்ணப்பிப்பதையே நிறுத்திவிட்டேன் என்கிற நிலை என்றால் அது பயிற்சியால் மட்டும் தீராது. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு கம்பெனியை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் பதற்றத்துக்குப் பெரிய தீனி. முடிந்தவரை ஒரே காலத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பித்து, ரொம்ப ஆசைப்படுகிற இடத்தை வரிசையில் மூன்றாவது நாலாவதாக வருகிற மாதிரி தேதி கேளுங்கள். ரெக்ரூட்டரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேட்பது சாதாரண விஷயம். 90 நாள் நோட்டீஸ் பீரியடை நினைத்துப் பயந்து, கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். சேமிப்பு இல்லாமல் அதைச் செய்தால் ஒவ்வொரு இன்டர்வியூவும் வாழ்வா சாவா ஆகிவிடும், அந்த நிலையில் யாருக்குமே மூளை ஓடாது.

முடிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகள், எங்கே நின்றுபோனது, என்ன குறிப்பு கொடுத்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். ராத்திரி முழுக்க மனதில் ஓட்டிப் பார்ப்பதைவிட இது உருப்படியானது, அடுத்த வாரம் எதைச் சத்தமாகப் பழக வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். பாதியில் நின்ற கணக்கை மறுநாள் முடித்துவிடுங்கள். ஃபீட்பேக் கேட்டு ரெக்ரூட்டருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள், பலர் பதில் போட மாட்டார்கள், போடுகிற ஒருவர் உபயோகமாக ஏதாவது சொல்லக்கூடும். மேக் கம்ப்யூட்டர்களில் எண்ணற்ற டெவலப்பர்கள் பயன்படுத்துகிற ஹோம்ப்ரூ என்ற மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவலையே, பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடச் சொன்ன கணக்கில் சிக்கிய பிறகு கூகுள் எடுக்கவில்லை. 2015-ல் அவரே ட்விட்டரில் எழுதினார். எடுக்கவில்லை என்று பதில் வந்தால், எவ்வளவு நாள் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள், ஃபோன் காலண்டரில் அந்தத் தேதியைப் போட்டு வையுங்கள்.